உள்ளே தண்ணீர் விட்டவர்

அப்பாவின் இரங்கல் கூட்டத்தில் குவாரி மேலாளர் ஏழு நிமிடம் பேசினார். அதில் நான்கு நிமிடம் தன்னைப் பற்றி. "என் வழிகாட்டுதல்ல இந்த ஏரியை உருவாக்கினதுல அவருக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு" என்றார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. அறைக்குள்ளும் கழற்றமாட்டார். குவாரியில் அவருக்குக் கூலிங்கிளாஸ் என்றுதான் பெயர்.

எனக்குப் பின்வரிசையில் யாரோ, "நல்ல மனுஷன்தான். ஒரே ஒரு தடவை அவசரப்பட்டுட்டார்" என்றார்கள். ஏழெட்டுத் தலைகள் ஆமாம் என்று ஆடின. எல்லாம் எங்கள் தெருத் தலைகள்.

அந்த ஒரு தடவையைப் பற்றி எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ஆற்றோரச் சரளைக் குவாரியில் முப்பத்தொரு வருட வேலை. பம்ப் ஆபரேட்டர் என்று அட்டையில் போட்டிருக்கும். சரளை ஆற்றுக்குப் பக்கத்தில் தரைக்கு அடியில் கிடக்கிறது. தோண்டினால் ஊற்று வரும். ஊற்றை இறைத்தால்தான் பொக்லைன் குழிக்குள் இறங்கும். இறைத்த தண்ணீர் கலங்கலாக இருக்கும், அதை அப்படியே ஆற்றில் விடக் கூடாது. மூன்று குட்டைகளில் அடுத்தடுத்து நிறுத்தி, மண் படிந்த பிறகு தெளிந்ததை மட்டும் விட வேண்டும். தோண்டி முடித்த இடத்தை மறுபடி நிலமாகவோ நீர்நிலையாகவோ ஆக்கித் தர வேண்டும். அதற்காக, தோண்டும் முன் வழித்தெடுக்கும் மேல்மண்ணைத் தனியே சேர்த்துவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழிக்கும் ஆற்றுக்கும் நடுவே நாற்பது மீட்டர் அகலத்துக்குக் கரையைத் தொடாமல் விட வேண்டும். இவ்வளவும் உரிமத்தில் இருக்கிறது. உரிமம் அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதை முழுக்கப் படித்த ஒரே ஆள் அப்பா. எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தியவர்.

மேல்மண் குவியலின் மேல் அவர் புல் விதைத்திருந்தார். கூலிங்கிளாஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அதைப் பார்த்து நின்றாராம்.

"என்னய்யா இது, கம்பெனி இடத்துல மாடு வளக்கறியா?"

"இல்லைங்க. சும்மா குவிச்சுப் போட்டா மண்ணு செத்துப்போகும். வேர் இருந்தா உசிரோட இருக்கும்."

"மண்ணு சாகுமாமே!" என்று பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். சிரிப்பதற்காகவே கூட வருகிறவர்கள்.

வீட்டுக்கு வந்து அப்பா சொன்னது இவ்வளவுதான்: "அவருக்குத் தண்ணின்னா பாட்டில்ல வர்றது. மண்ணுன்னா செருப்புல ஒட்டறது."

குழியின் கீழ்ப்புறச் சுவருக்குப் பின்னால் எங்கள் தெரு. முப்பத்தெட்டு வீடுகள். ஆறு கரையை உடைத்துக் குழிக்குள் விழுந்தால் அங்கே நிற்காது. விழுந்த வேகத்தில் கீழ்ச்சுவரை அறுத்துக்கொண்டு வெளியே வரும். வந்தால் முதலில் எங்கள் சமையலறை. இதை அப்பா எங்களுக்கு ஒருபோதும் பயமுறுத்தலாகச் சொன்னதில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதைப் போலச் சொல்வார்.

தினமும் காலையில் பம்ப்பைப் போடுமுன் அவர் கரையின் உள்ளடியில் நடப்பார். எங்காவது கசிந்தால் அந்தத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, பம்ப் கொட்டகையின் ஜன்னலில் வைத்துவிடுவார். ஒரு மணி நேரம் கழித்து வந்து டம்ளரின் அடியைப் பார்ப்பார். கசிவது அவருக்குப் பொருட்டில்லை. எந்தக் கரையும் கசியும். "தெளிஞ்ச தண்ணி வந்தா கரைக்கு வேர்க்குதுன்னு அர்த்தம். கலங்கி வந்தா கரையே கிளம்பி வருதுன்னு அர்த்தம்" என்பார். நான் மண் பொறியியலில் இரண்டு பட்டம் வாங்கியிருக்கிறேன். என் பாடப்புத்தகத்தில் இதற்குப் பதினோரு பக்கம். அப்பா சொன்னதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

கூலிங்கிளாஸ் கரையைத் தின்னத் தொடங்கினார். நல்ல சரளை கரைக்கு அடியில்தான் இருந்தது. நாற்பது மீட்டருக்கு அப்பா அடித்திருந்த முளைக்குச்சிகள் வாரத்துக்கு ஒருமுறை ஆற்றை நோக்கி நடந்தன. அப்பா அவற்றைத் திரும்பப் பழைய இடத்தில் அடிப்பார். அவை மறுபடி நடக்கும். பொக்லைன் ஓட்டியது என் மாமா, அம்மாவின் தம்பி.

"மச்சான், நீங்க அடிச்சுக்கிட்டே இருங்க, நான் புடுங்கிக்கிட்டே இருக்கேன். ரெண்டு பேருக்கும் வேலை ஓடுதில்ல?" என்பார் மாமா.

"நீ புடுங்கறது உங்க அக்கா வீட்டுச் சுவரு, மாப்ள."

"அக்காவுக்குப் புதுசா கட்டிக் குடுத்துட்டாப் போச்சு."

கரை இருபத்திரண்டு மீட்டருக்கு வந்தபோது ஆய்வாளர் ஒருவர் வந்தார். அலுவலகத்தில் தேநீர் குடித்தார். குழி ஈரமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார்கள். காலணி நனையும் என்று திரும்பிப் போனார். அறிக்கையில் நாற்பது என்று எழுதியிருந்தார்.

பிறகு அந்த மழை. மேலே மூன்று நாள் பெய்தது, எங்களுக்கு வெயில்தான். நான்காம் நாள் காலையில் ஆறு ஏறியது. எட்டரை மணிக்கு அப்பா என்னைக் கைபேசியில் அழைத்தார். நான் வேறு ஊரில், குளிர்பதன அறையில், ஒரு வணிக வளாகத்தின் தடுப்புச் சுவரை வரைந்துகொண்டிருந்தேன்.

"இன்ஜினியரம்மா, மூணு இடத்துல கசியுது. மூணு டம்ளர்லயும் அடியில கால் விரக்கடை மண்ணு."

"குழியில எவ்ளோ தண்ணிப்பா?"

"எங்க? சுத்தமா வறண்டு கெடக்கு. எல்லாப் பம்ப்பையும் போட்டுக் குழியைக் காப்பாத்துன்றார் மேனேஜர். புது வண்டி உள்ள நிக்குதாம்."

எனக்கு உடனே புரிந்தது. வெளியே ஆறு ஏறி நிற்கிறது, உள்ளே குழி வறண்டு கிடக்கிறது, நடுவில் கரை. இரண்டு மட்டத்துக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு தள்ளு. இறைக்க இறைக்கத் தள்ளு கூடும். அதைக் குறைக்க ஒரே வழி உள்ளேயும் தண்ணீர் ஏறுவது. குழி வேலை முடிந்தபின் நிரப்புவதற்கென்று கரைக்கு அடியில் மூன்றடிக் குழாயும் ஒரு மதகும் ஆரம்பத்திலேயே போட்டிருந்தார்கள். அதைத் திறந்தால் ஆறு அமைதியாக உள்ளே வரும். திறக்காவிட்டால் தானாக வரும், அமைதியாக அல்ல.

"மதகைத் திறந்துடட்டுமா?" என்றார்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்களா எதுவும் பண்ணாதீங்கப்பா. மேனேஜர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க. நாளைக்கு ஏதாவதுன்னா உங்க தலையில கட்டிடுவாங்க."

"சரிம்மா" என்றார்.

இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. என் கைபேசியில் அந்த அழைப்பு இன்னும் இருக்கிறது. கூலிங்கிளாஸைப் பற்றி நான் என்ன எழுதினாலும், அன்று அவர் தன் முட்டாள்தனத்தைத்தான் பேசினார். நான் தெரிந்துகொண்டே பேசினேன்.

அப்பா அலுவலகத்துக்குப் போனார். கூலிங்கிளாஸ் தலைமை அலுவலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். கையால், போ போ என்றார். அப்பா திரும்பி வந்து பம்ப்புகளை நிறுத்தினார். குழி விளிம்பில் நின்று மாமாவைக் கூப்பிட்டார்.

"மாப்ள, வண்டியை விட்டுட்டு மேல வா."

"ஏன் மச்சான்?"

"தண்ணி விடப்போறேன்."

"நேத்துதான் கிரீஸ் அடிச்சேன்! கொஞ்சம் இருங்க, ஏத்திடறேன்."

ஏறும் பாதை ஊறிப்போயிருந்தது. மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் வண்டி வழுக்கி அடியிலேயே நின்றது. மாமா கையில் சாப்பாட்டுத் தூக்கோடு ஏறி வந்தார். வண்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்ததை அம்மா இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள். முழுகப்போகும் வண்டியை யார் திருடப்போகிறார்கள்?

காலை பத்து மணிக்கு மதகு திறந்தது. மாலைக்குள் பாதிக் குழி நிரம்பியது. ஐந்து மணிக்கு அப்பா எடுத்த டம்ளரில் தண்ணீர் தெளிவாக இருந்தது. மறுநாள் உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒரே மட்டம். கரை நின்றது. தெருவில் யாருக்கும் கால்கூட நனையவில்லை.

அதுதான் வினையாகிவிட்டது. கம்பெனி விசாரணை வைத்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். முன்னால் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையில்.

"கரை உடைஞ்சுதா?"

"இல்லைங்க."

"உடையப்போறதை நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"அதைப் பார்த்தவன் திரும்பி வந்து சொல்ல முடியாதுங்க."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"இல்லைங்க."

"ஆக, ஒரு டம்ளர் தண்ணியைப் பார்த்துட்டு இருபது டன் வண்டியை முழுகடிச்சிருக்கீங்க."

"மூணு டம்ளருங்க."

வேலையிலிருந்து நீக்கினார்கள். தெரு நீதிமன்றமும் கூடியது. கடைவாசலில், குழாயடியில், எங்கள் வீட்டுப் படியிலேயே. "ஒண்ணுமே ஆகலையே, எதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்றார்கள். ஒண்ணுமே ஆகாததற்கு யார் காரணம் என்று கேட்க முப்பத்தெட்டு வீட்டில் ஒரு மூளை இல்லை. ஒரு வீட்டுக் கூடத்தில் அரையடித் தண்ணீர் வந்திருந்தால் போதும், அப்பாவைத் தோளில் தூக்கியிருப்பார்கள். கரையைக் கொஞ்சம் உடையவிடத் தெரியாதது அவர் குறை.

மழைக்காலம் முடிந்தது. ஆறு இறங்கியது. வண்டியை எடுக்க, மதகை மூடிக் குழியை வற்றவைக்கத் தீர்மானித்தார்கள். அப்பா நடந்து போய்க் குவாரி வாசலில் நின்றார். உள்ளே விடவில்லை. காவலாளியிடம் சொல்லிவிட்டு வந்தார்: "ஒரு நாளைக்கு ஒரு சாண்தான் இறைக்கணும்னு சொல்லு. கரை முழுக்கத் தண்ணி குடிச்சு நிக்குது. உள்ள இருக்கற தண்ணிதான் அதுக்கு முட்டு. அதை மெதுவா எடுத்தா கரை வடிஞ்சு இறுகும். சட்டுன்னு எடுத்தா சாஞ்சிடும்."

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். காவலாளி ஒவ்வொரு முறையும் உள்ளே போய்ச் சொன்னாராம். கூலிங்கிளாஸ், "ஓ, இப்ப தண்ணி இறைக்கவும் கூடாதாமா?" என்று கேட்டாராம். வாடகைக்கு நான்கு பெரிய பம்ப்புகள் வந்தன. ஒரே நாளில் ஐந்தடி.

மூன்றாம் நாள் காலை அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். சாக்கு மூட்டைகளை வண்டியிலிருந்து தள்ளுவதைப் போல ஒரு சத்தம், நீளமாக. பாதி முகத்தில் நுரையோடு எழுந்து போய்ப் பார்த்தார். அறுபது மீட்டர் நீளத்துக்குக் கரை உள்ளே சரிந்து கிடந்தது. ஆறு இறங்கியிருந்ததால் தெரு தப்பியது. பொக்லைனின் கை மட்டும், வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளையைப் போல, மேலே தூக்கியபடி நின்றது. மீதி மண்ணுக்குள்.

அப்பா திரும்பி வந்து மீதி முகத்தைச் சவரம் செய்தார்.

ஒரு வாரம் கழித்துக் கூலிங்கிளாஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். நானும் விடுப்பில் வந்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாரா எங்களைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

"பழசையெல்லாம் மனசுல வெச்சுக்க வேண்டாம்" என்றார்.

"கண்ணாடியைக் கழட்டிட்டுப் பேசுங்க சார்" என்றாள் அம்மா. "யாருகிட்ட பேசறீங்கன்னு எங்களுக்குத் தெரியணுமில்ல?"

கழற்றினார். கண்கள் சின்னதாக, தூங்காதவர் கண்களாக இருந்தன. எனக்கு இரக்கம் வரவில்லை. அடுத்த மழைக்குள் கரையை எழுப்ப வேண்டும். தலைமை அலுவலகம் உரிமத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கிவிட்டது. அவருக்கு இப்போது ஓர் ஆள் வேண்டும்.

"போகாதீங்கப்பா" என்றேன். "முதல்ல தப்பு பண்ணிட்டோம்னு எழுதித் தரட்டும்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. கூலிங்கிளாஸிடம் மிகப் பணிவாகச் சொன்னார்: "ஐயா, குழியை இனிமே தோண்ட முடியாது. மூடறதுக்கும் மண்ணு பத்தாது. பேசாம ஏரின்னு சொல்லிடுங்க. சரிவை மூணுக்கு ஒண்ணா படுக்கவெச்சு, மேல்மண்ணைப் பரப்பி, புல்லு வெச்சுட்டா அழகா இருக்கும். படகு விடலாம். வாசல்ல ஐயா பேர் போட்டு ஒரு பலகை."

"பலகை" என்றார் கூலிங்கிளாஸ். யோசித்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது.

அவர் போனபிறகு நான் கத்தினேன். உங்களை நடுத்தெருவில் விட்டவனுக்குப் பலகையா என்று கேட்டேன். அப்பா காலி டம்ளர்களை எடுத்து வைத்தபடி சொன்னார்: "பலகை இருக்கற வரைக்கும் ஏரியை வத்த விடமாட்டாரு. உள்ள எப்பவும் தண்ணி நிக்கும். மதகு தெறந்தே கெடந்தா ஆறு ஏறினா இதுவும் ஏறும், எறங்கினா எறங்கும். அப்புறம் கரையை எது தள்ளப்போகுது? நீதானே படிச்சவ, சொல்லு."

 எந்தக் கணினியும் எனக்கு அந்த விடையைத் தந்திருக்காது. அதில் ஓர் ஆளின் தற்பெருமையை உள்ளீடாகக் கொடுக்க இடமில்லை.

அப்பா ஆறு மாதம் வேலை செய்தார். மாமாதான் வாடகை வண்டி ஓட்டினார். சரிவை மட்டம் பார்த்து, மேல்மண்ணைச் சாண் கனத்துக்குப் பரப்பினார்கள். நடுவில் ஒருநாள், குட்டைகளில் படிந்திருந்த கறுப்பு வண்டலைப் பார்த்துவிட்டு, "இதுவே நல்லாத்தானே இருக்கு, வளமான மண்ணு" என்று கூலிங்கிளாஸ் அதையும் கொட்டச் சொன்னார். அப்பா மறுக்கவில்லை. பத்தடி இடத்தில் கொட்டிச் செடி நட்டுக் காட்டினார். பத்து நாளில் வண்டல் காய்ந்து ஓடு போல வெடித்தது. செடிகள் ஊதுபத்திக் குச்சிகளாக நின்றன. அதற்குப் பிறகு அவர் மண்ணைப் பற்றிப் பேசவில்லை. பலகையின் எழுத்து அளவைப் பற்றி மட்டும் பேசினார்.

திறப்பு விழாவில் அப்பாவுக்கு நாற்காலி இல்லை. பம்ப் கொட்டகையில் நின்று பார்த்தார். அன்று மாலை மதகை முழுக்கத் திறந்து, அதைத் திருகும் இரும்புச் சக்கரத்தைக் கழற்றி, ஒரு சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அம்மா ஏன் என்று கேட்டதற்கு, "வெளியில கெடந்தா துருப்பிடிக்கும்" என்றார்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு மதியம், கரையைப் பார்த்துவிட்டு வந்து, வாசலிலேயே சாப்பிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம். நான் வந்து சேர்ந்தபோது காலில் இன்னும் வேலைக் காலணி இருந்தது. கழற்ற வேண்டாம் என்று அம்மா யாரையும் தொடவிடவில்லை. நான்தான் கழற்றினேன். இடது காலணிக்குள் ஒரு சரளைக்கல் இருந்தது. அதோடு எப்படி நடந்தார் என்று தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஆறு வந்தது. போனமுறையைவிட இரண்டடி உயரம். நான் அப்பாவின் காகிதங்களை ஒழுங்குபடுத்த வந்திருந்தேன். காலையில் குவாரிக் காவலாளி வாசலில் நின்றார்.

"அம்மா, மதகுச் சக்கரத்தைக் குடுக்கச் சொன்னாங்க. ஏரியில சேத்துத் தண்ணி வருது. படகுத்துறை முழுகுது, பலகை வரைக்கும் ஏறிடுச்சு. உடனே மூடணுமாம்."

"என்ன சக்கரம்?" என்றாள் அம்மா, சக்கரம் கிடந்த கட்டிலின் மேலேயே உட்கார்ந்தபடி. "அதெல்லாம் அப்பவே பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டாச்சு."

அரை மணியில் என் கைபேசியில் கூலிங்கிளாஸ்.

"நீங்க படிச்சவங்க. வீட்டுல எடுத்துச் சொல்லுங்க."

"மூடினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"ஏரி சுத்தமா இருக்கும்."

"தெரு?"

"தெருவுக்கென்ன? போன தடவையே ஒண்ணும் ஆகலையே."

ஒரு வருடமாகக் கேட்டுச் சலித்த அதே வாக்கியம். இந்த முறை கோபம்கூட வரவில்லை. அவர் உண்மையிலேயே அதை நம்புகிறார். சாகும்வரை நம்புவார்.

"சக்கரம் என்கிட்டதான் இருக்கு" என்றேன். "தர மாட்டேன்."

"அதைச் சொல்ல நீங்க யாரு? யார் குடுத்த அதிகாரம்?"

"யாரும் குடுக்கலை" என்று வைத்துவிட்டேன்.

மாமாவும் நானும் கரைக்குப் போனோம். இருவரும் குடையை மறந்திருந்தோம். வெளியே ஆறு பழுப்பாக, மரக்கிளைகளைச் சுமந்துகொண்டு ஓடியது. உள்ளே ஏரி அதே பழுப்பில், அசையாமல் நின்றது. மாமா இரண்டு பக்கமும் கோலை இறக்கிப் பார்த்தார்.

"நாலு விரல்தான் வித்தியாசம்" என்றார். பிறகு கோலைத் துடைத்தபடி, "உங்கப்பன் என் வண்டியை முழுகடிச்சான்னு நான் மூணு மாசம் அவர்கூடப் பேசலை, தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். அவர் வேறு எதுவோ சொல்ல வந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு முன்னால் நடந்தார்.

தெருவை ஒட்டிய கீழ்ச்சுவரின் ஓரம் முழுக்கவும் நடந்து பார்த்தோம். அப்பா வைத்த புல் ஈரத்தில் படுத்திருந்தது. ஓரிடத்திலும் மண் நகரவில்லை.

தெருமுனையில் ஒருவர் தலையில் துணிமூட்டையோடு நின்றிருந்தார். எங்கள் வீட்டுக்கு நான்காம் வீடு. அன்று எங்கள் படியில் உட்கார்ந்து ஆர்ப்பாட்டம் என்று சொன்னவர்.

"காலி பண்ணணுமா பாப்பா?" என்றார்.

"வேண்டாம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். மூட்டையை இறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, மழை வலுத்ததும் வீட்டுக்குள் போனார்.